‘அ, இம், மா’ சேர்ந்தால் அம்மா வராது

மாணவர் சேர்க்கைக் காலம் வந்துவிட்டால் தென்காசி வட்டாரத்து மழலையர் பள்ளி விளம்பரங்களில் ‘ஃபோனிக்ஸ்’ என்ற சொல்லைப் பார்க்கலாம். எழுத்தின் பெயரை விட்டுவிட்டு அதன் ஒலியைச் சொல்லிக்கொடுத்து, ஒலிகளைக் கூட்டி வாசிக்கப் பழக்கும் முறை அது. ஆங்கிலத்துக்கு அது வேண்டும் என்று எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள். தமிழுக்கு? “தமிழ் எழுதியிருக்கிறபடியே வாசிக்கிற மொழி. 247 எழுத்தும் மனப்பாடம் ஆகிவிட்டால் வாசிப்பு தானாக வந்துவிடும்” என்கிறார்கள் பெற்றோர். பல ஆசிரியர்களும் தமிழ்ப் பற்றாளர்களும்கூட இதையே சொல்கிறார்கள். இந்த நம்பிக்கை தவறானது. இதற்கு விலை கொடுப்பவர்கள் ஆறு வயதுக் குழந்தைகள்.

தானாக வருவதாக இருந்தால் இந்நேரம் வந்திருக்க வேண்டும். கிராமப்புறக் குழந்தைகளின் வாசிப்புத் திறனைச் சோதிக்கும் அசர் (ASER) ஆய்வின் 2022ஆம் ஆண்டு அறிக்கையில், தமிழ்நாட்டுக் கிராமங்களின் மூன்றாம் வகுப்புக் குழந்தைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிந்தவர்கள் 4.8 சதவீதம்தான். கொரோனாவால் பள்ளிகள் மூடிக் கிடந்ததைக் காரணம் காட்டலாம். ஆனால் கொரோனாவுக்கு முன், 2018இலேயே அது 10.2 சதவீதமாகத்தான் இருந்தது. 2024இல் 12 சதவீதம். எட்டுக் குழந்தைகளில் ஏழு பேர் இன்னும் வெளியேதான் நிற்கிறார்கள்.

சிக்கல் எங்கே தொடங்குகிறது என்று பார்க்க ஒன்றாம் வகுப்பு வாசலில் நின்று கேட்டாலே போதும். இக், இங், இச், இஞ். தனியே ஒலிக்கச் சிரமமான மெய்க்கு முன்னால் ஓர் இகரத்தை ஒட்டவைத்துச் சொல்லித்தருகிறார்கள். எழுத்தை அடையாளம் சொல்ல அது உதவும், வாசிக்க உதவாது. அப்படிப் பழகிய குழந்தை ‘அம்மா’வை எழுத்துக்கூட்டும்போது ‘அ, இம், மா’ என்கிறது. ‘பட்டம்’ என்பது ‘ப, இட், ட, இம்’ ஆகிறது. எவ்வளவு வேகமாகச் சொன்னாலும் இவை சேர்ந்து பட்டம் ஆகாது. இடையில் நுழைந்த இரண்டு இகரங்களையும் குழந்தையே கண்டுபிடித்துக் கழித்தாக வேண்டும். சில குழந்தைகள் கழித்துவிடுகின்றன. மற்றவை பாடத்தை மனப்பாடமாக ஒப்பித்து, வரியின்மேல் விரலை ஓட்டி, வாசிப்பதுபோலக் காட்டியபடி அடுத்த வகுப்புக்குப் போய்விடுகின்றன. ‘அ’ சொல்லி உதட்டை மூடு, மூடிய உதட்டைத் திறந்து ‘மா’ சொல் என்று ஆசிரியர் தம் வாயைக் காட்டிச் சொல்லிக்கொடுத்தால் அந்த ஓசை பிடிபடும். ஃபோனிக்ஸ் என்பது இதுதான்.

எழுதியபடியே வாசிக்கிற மொழி என்பதும் பாதி உண்மைதான். தென்காசி, இலஞ்சி, அச்சன்கோவில்: மூன்று ஊர்ப் பெயரிலும் சகரம் இருக்கிறது, மூன்றிலும் ஒலி வேறு. இரட்டித்தால் வன்மை, மெல்லினத்துக்குப் பின் ஓர் ஒலி, உயிர்களுக்கு நடுவில் இன்னொன்று என்று ஒழுங்கு உண்டு. அந்த ஒழுங்கு குழந்தையின் நாவில் ஏற்கெனவே இருக்கிறது; அதை எழுத்தோடு சேர்த்துக் காட்டத்தான் ஆளில்லை. வீட்டில் ‘குத்தாலம்’ என்று சொல்லும் பிள்ளை, பேருந்துப் பலகையில் ‘குற்றாலம்’ என்று பார்க்கிறது. இரண்டும் ஒன்று என்பதை யாராவது சொல்ல வேண்டும். ‘பளம்’ என்று பேசும் பிள்ளைக்கு ழகரத்தைக் காதால் பிரித்தறியப் பழக்கும் முன்பே சிவப்பு மையில் பிழை போடுவது அநியாயம்.

வடிவங்களும் எளிதல்ல. கு, சு, து மூன்றிலும் உகரம் ஒன்றே, கோலம் மூன்று. ‘கொ’வில் கண் முதலில் பார்ப்பது கொம்பை, வாய் முதலில் சொல்வது ககரத்தை. எகர ஏகாரங்களைத் தெளிவாகப் பிரித்தெழுத 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் வழி செய்தார். பெரியார் வற்புறுத்திய எழுத்துச் சீர்திருத்தத்தை அரசு 1978இல் ஏற்றது. கற்பவருக்காக எழுத்தின் உருவமே மாறியிருக்கிறது. கற்பிக்கும் வரிசையில் மட்டும் கைவைக்கக் கூடாதா?

அந்த வரிசையைத்தான் பலர் புனிதமாக நினைக்கிறார்கள். க ங, ச ஞ, ட ண, த ந, ப ம என்பது அண்ணத்தின் பின்புறத்தில் தொடங்கி உதடு வரை வரும் அருமையான ஒலி வகைப்பாடு. ஒலிகள் வாயில் எங்கே பிறக்கின்றன என்பதற்குத் தொல்காப்பியத்தில் பிறப்பியல் என்று ஓர் இயலே உண்டு. ஆகவே ஒலியிலிருந்து தொடங்குவது அந்நிய முறை என்ற பேச்சுக்கு இங்கே இடமில்லை. ஆனால் இலக்கணத்துக்காக வகுத்த வரிசை ஒன்றாம் வகுப்புக்குப் பாடத்திட்டம் ஆகாது. கன்னடம் கற்கும் குழந்தைகளை ஆராய்ந்த சோனாலி நாக், எழுத்துகள் முழுமையாகக் கைவருவதற்குத் தொடக்கப் பள்ளியின் பல ஆண்டுகள் பிடிக்கின்றன என்று 2007இல் எழுதினார். தமிழிலும் 247 முடியட்டும் என்று காத்திருந்தால் வாசிப்பும் அத்தனை ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதுதான்.

காத்திருக்க வேண்டாம் என்பதற்கு உள்ளூரிலேயே சான்று இருக்கிறது. 1990களின் தொடக்கத்தில், தென்காசி இன்னும் திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தபோது (2019இல்தான் அது தனி மாவட்டம் ஆனது), அறிவொளி இயக்கம் ஊர் ஊராகப் போய்ப் பெரியவர்களுக்கு எழுத்தறிவித்தது. அது அ, ஆ என்று தொடங்கவில்லை. ‘பட்டா’ என்ற சொல்லில் தொடங்கியது. நிலம் உள்ளவருக்கும் இல்லாதவருக்கும் பொருள் தெரிந்த சொல். அதை எழுத்தாகப் பிரிப்பது, பிரித்ததைக் கூட்டி வேறு சொல் படைப்பது என்று பாடம் நகர்ந்தது. நெல்லை மாவட்ட அனுபவங்களை ச. தமிழ்ச்செல்வன் ‘இருளும் ஒளியும்’ நூலில் எழுதியிருக்கிறார். கூலி வேலை முடித்து இரவில் வந்து உட்கார்ந்தவர்களுக்குக் கிடைத்த மரியாதை ஆறு வயதுப் பிள்ளைக்கு ஏன் கிடைக்கக் கூடாது?

ஒலி மட்டும் போதாது என்பது சரியான எச்சரிக்கை. கதை கேட்காத, சொல்வளம் இல்லாத குழந்தை ஒலித்துவிட்டுப் பொருள் தெரியாமல் நிற்கும். ஆங்கில ஃபோனிக்ஸில் இங்கே நடப்பதும் அதுதான்: ‘மேட்’, ‘வேட்’ என்று பிசகாமல் ஒலிக்கும் பிள்ளைக்கு அந்தச் சொற்கள் வீட்டில் ஒருநாளும் காதில் விழுந்ததில்லை. தெரிந்த மொழியில் ஒலிகூட்டும் வித்தையைக் கற்றுவிட்டு அதை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோவதே சுலபம். பெற்றோர் காசு கொடுத்துத் தலைகீழாக வாங்குகிறார்கள்.

அரசு 2022 ஜூனில் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தைத் தொடங்கி, குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலைக்கேற்பப் பிரித்துச் சொல்லிக்கொடுக்கச் செய்தது. வரவேற்க வேண்டிய மாற்றம். அது பலிக்கிறதா என்பதைப் பெற்றோரே சோதிக்கலாம். இங்கிலாந்தில் 2012 முதல் ஆறு வயதுக் குழந்தைகளுக்கு 40 சொற்களை வாசிக்கக் கொடுக்கிறார்கள். அவற்றில் 20 மொழியிலேயே இல்லாத சொற்கள். மனப்பாடம் அங்கே கைகொடுக்காது. தென்காசியில் அவ்வளவுகூட வேண்டாம். பாடப்புத்தகத்தில் இல்லாத, அக்கம்பக்கத்து அணைகளின் பெயர்களே போதும்: குண்டாறு, கருப்பாநதி, அடவிநயினார். இரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளை இவற்றில் திணறினால், பிள்ளையைக் கடிந்துகொள்ளாமல் அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் போய், ஒன்றாம் வகுப்பில் மெய்யெழுத்தை எப்படி ஒலித்துக் காட்டுகிறீர்கள் என்று தலைமையாசிரியரிடம் கேட்க வேண்டும்.