பழசும் புதுசும் பேச மறுத்த கதை

நாத்தனார் பெண்ணுக்குப் பிரசவமாகி ஐந்தாம் நாள். நாத்தனாரிடமிருந்து போன். ‘அண்ணி, அம்மா ஒரு லேகியம் கிளறுவாங்களே, அளவு உங்களுக்கு ஞாபகம் இருக்கா? டாக்டரம்மாகிட்டே கேட்டுட்டேன், கொடுக்கலாம்னுட்டாங்க’ என்றாள்.

எனக்கு எங்கே ஞாபகம்! சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், கருப்பட்டி, நல்லெண்ணெய் என்று சாமான்களை ஒப்பித்துவிடுவேன். அளவு? மாமியாருக்கு எல்லாம் கைப்பிடியும் ஆழாக்கும்தான். அவர் போய் மூன்று வருஷம் ஆகிறது.

அப்புறம்தான் பொறி தட்டியது. 2009-ல் என் பையன் பிறந்தபோது, தாயில்லாத எனக்கு மாமியார்தான் பத்தியம் பார்த்தார். அவர் லேகியம் கிளறுவதை, புதுசாக வாங்கிய காமிராவில் இவர் வீடியோ எடுத்தார். அது இருப்பது, மூலையில் துணி போர்த்தி வைத்திருக்கும் பழைய கம்ப்யூட்டரில்!

2006-ல் வாங்கியது, விண்டோஸ் எக்ஸ்பி. சுவிட்சைப் போட்டதும் உள்ளேயிருந்து ‘டிக்... டிக்...’ என்று சத்தம். ‘ஹார்ட் டிஸ்க் போகப் போகுதும்மா, ரொம்ப நேரம் ஓட்டாதீங்க’ என்று பையன் பயமுறுத்தினான். பென் டிரைவைச் செருகலாம் என்றால் யு.எஸ்.பி. துளைகள் அத்தனையும் செத்துக் கிடந்தன. கீபோர்டும் மவுஸும் அந்தக் கால உருண்டை முனை ஒயர்கள், அதனால் பிழைத்தன. (உங்கள் வீட்டில் துளை வேலை செய்தால் பென் டிரைவே போதும், இத்தனை பாடு வேண்டாம். ஆனால் புது பென் டிரைவைப் போட்டால் எக்ஸ்பி சில சமயம் ‘பார்மட் செய்யட்டுமா’ என்று கேட்கும். அதில் ஏற்கெனவே ஏதாவது வைத்திருந்தால் மறந்தும் ‘எஸ்’ அழுத்தாதீர்கள், எல்லாம் துடைத்துக்கொண்டு போய்விடும்!)

சரி, வீட்டு நெட்வொர்க் வழியாகவே பையனின் புது லேப்டாப்புக்குக் கொண்டுபோகலாம் என்று உட்கார்ந்தேன். அதில் விண்டோஸ் 11. பழசை ஒயர் போட்டு ரூட்டரில் இணைத்தேன். வீடியோ இருந்த போல்டரை ஷேர் செய்தேன். புது லேப்டாப்பில் போய்ப் பார்த்தால் ஒன்றுமே தெரியவில்லை.

ஒவ்வொன்றாகத் துருவினேன். புது லேப்டாப் வீட்டு வை-பையை ‘பப்ளிக்’ என்று, அதாவது ஏதோ ரயில்வே ஸ்டேஷன் மாதிரி நினைத்து ஒதுங்கி நின்றது. அதை ‘பிரைவேட்’ என்று மாற்றினேன். பழசில் ஒர்க்குரூப் பெயர் எம்.எஸ்.ஹோம், புதுசில் ஒர்க்குரூப் என்றே பெயர். அதையும் ஒன்றாக்கினேன். அப்போதும் தெரியவில்லை. கடைசியில் பழசின் கறுப்பு ஜன்னலில் ‘ஐபிகான்பிக்’ என்று அடித்து, அதன் நம்பரைக் குறித்துக்கொண்டு, இரண்டு சாய்கோடு போட்டுப் புதுசில் நேரே அந்த நம்பரைக் கொடுத்தேன். இந்தத் தடவை பதில் வந்தது. ‘எஸ்.எம்.பி. 1 கேட்கிறது, அது பழையது, பத்திரமில்லை, சேர்க்க மாட்டேன்’ என்று!

கோயம்புத்தூரில் இருக்கும் என் தம்பிக்குப் போன் போட்டேன். அவன் சொன்ன விளக்கம் எனக்கே புரிந்தது, உங்களுக்குப் புரியாதா? கம்ப்யூட்டர்கள் பைல் கொடுத்து வாங்குவதற்கு எஸ்.எம்.பி. என்று ஒரு பாஷை இருக்கிறது. எக்ஸ்பிக்கு அதன் முதல் பதிப்பு மட்டும்தான் தெரியும். 2017 மே மாதம் ‘வான்னாக்ரை’ என்ற வைரஸ் அந்தப் பாஷையில் இருந்த ஓட்டை வழியாகத்தான் உலகம் முழுக்கப் புகுந்து, ஆஸ்பத்திரி கம்ப்யூட்டர்களைக்கூடப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. அந்த வருஷக் கடைசியிலிருந்தே புது விண்டோஸ்களில் அதைச் சேர்க்காமல் விட்டுவிட்டார்களாம்.

‘அதைத் திரும்ப ஆன் பண்ண முடியாதா?’ என்றேன்.

‘முடியும்க்கா. ஆனா நீ பேங்க் வேலை பார்க்கிற லேப்டாப் அது. பழைய பூட்டை ஏன் மாட்டணும்? வேற கம்ப்யூட்டர் எதுவும் இல்லையா?’

இருந்தது. 2011-ல் இவருக்காக வாங்கிய விண்டோஸ் 7 லேப்டாப், பேட்டரி போய்ப் பரணில் கிடந்தது. அதற்குப் பழைய பாஷையும் தெரியும், அடுத்த பதிப்பும் தெரியும். மாமியாரின் ஆழாக்குக் கணக்கும், என் பையன் கேட்கும் கிராம் கணக்கும் இரண்டும் தெரிந்த என்னைப் போல என்று வைத்துக்கொள்ளுங்களேன்!

எக்ஸ்பிக்கு 2014-லும் விண்டோஸ் 7-க்கு 2020-லும் கம்பெனி பாதுகாப்புத் தருவதை நிறுத்திவிட்டது. அதனால் ரூட்டருக்கு வெளியிலிருந்து வரும் இன்டர்நெட் ஒயரை முதலில் பிடுங்கிவிடு என்றான் தம்பி. பிடுங்கினாலும் வீட்டுக்குள் மூன்றும் ஒன்றோடொன்று பேசும். நம்பரைக் கொடுத்ததும் விண்டோஸ் 7-இல் பழசின் போல்டர் சட்டென்று திறந்தது. எல்லாவற்றையும் அள்ள ஆசைதான். ஆனால் அந்த டிக் டிக் சத்தம் வயிற்றைக் கலக்கியது. லேகிய வீடியோவை முதலில், பிறகு குழந்தைகள் போட்டோ, மற்றதெல்லாம் அப்புறம் என்று வரிசை வைத்துக்கொண்டேன். வீடியோ வந்துசேர்ந்த நிமிஷம் எனக்கு மூச்சு வந்தது.

அங்கிருந்து புது லேப்டாப்புக்கு மாற்றும்போது இன்னொரு முட்டுக்கட்டை. விண்டோஸ் 7-இல் நாங்கள் பாஸ்வேர்டே வைத்ததில்லை. பாஸ்வேர்டு இல்லாத கணக்கை நெட்வொர்க் வழியாக உள்ளே விடாதாம்! அரை மணி நேரம் தலையை உடைத்துக்கொண்ட பிறகுதான் இது தெரிந்தது. ஒரு பாஸ்வேர்டு வைத்தேன், புதுசில் அந்தக் கணக்கின் பெயரையும் பாஸ்வேர்டையும் கொடுத்தேன், வழி விட்டது. வேலை முடிந்ததும் பழசு இரண்டின் ஒயரையும் கழற்றிவிட்டுத்தான் இன்டர்நெட்டைத் திரும்பச் செருகினேன்.

ராத்திரி பதினொரு மணிக்கு வீடியோவைப் போட்டோம். உருளியில் கரண்டி போகும் சத்தம், கூடவே மாமியார் குரல். ‘என்னை எதுக்குடா எடுக்கறே, அடுப்பைப் பாரு, அடி பிடிக்கப்போவுது!’ இவர் ஒன்றும் பேசவில்லை. மறுபடி முதலிலிருந்து போடச் சொன்னார்.

நாத்தனாருக்கு அப்போதே அனுப்பினேன். காலையில் அவளிடமிருந்து பதில் வந்திருந்தது. ‘அண்ணி, நாலு தடவை பார்த்துட்டேன். ஓமம் ஒரு கையா, ஒன்றரைக் கையா?’