பட்டம் கேட்கும் வீடுகளும் வாய்திறவாத பிள்ளைகளும்



ஹொல்ம்லியா தொடருந்து நிலையத்தில் வாரநாளொன்றின் காலைவேளையில் நின்று நோக்குங்கள். முதுகுப்பையுடன் எமது பிள்ளைகள் பலர் அங்கே நிற்பர். கால் மணி நேரத்துக்குள் ஒஸ்லோ நடுவண் நிலையம். அங்கிருந்து நிலக்கீழ் வண்டியில் பிளின்டர்ன். 1811ஆம் ஆண்டு நிறுவப்பட்ட ஒஸ்லோ பல்கலைக்கழகத்தில் தம் பிள்ளை கால்வைப்பதைக் காண்பதற்காகவே மீன் தொழிற்சாலையிலும், துப்புரவுப் பணியிலும், முதியோர் இல்லத்தின் இரவுப் பணியிலும் முதுகு முறிய உழைத்தவர்கள் நாம். அதில் எமக்குப் பெருமை உண்டு, இருக்கவும் வேண்டும். ஆனால், அந்த வண்டியில் ஏறிய பிள்ளை விரிவுரைக்குத்தான் செல்கின்றதா, அல்லது மூன்று மாதங்களாக விரிவுரை மண்டபத்தின் பக்கமே போகாமல் நூலகத்தின் மூலையொன்றில் மாலைவரை அமர்ந்திருந்துவிட்டு வீடு திரும்புகின்றதா என்பது எம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

'எங்கள் வீட்டில் அப்படியொன்றும் இல்லை' என்ற பதில் உடனே வருமென்பதை அறிவோம். நோர்வேயில் மாணவரின் உடல்நலம், வாழ்க்கைநலம் பற்றி நாடளாவிய ஆய்வொன்று 2010ஆம் ஆண்டு முதல் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை நடைபெற்று வருகின்றது. கடுமையான உளத்துன்ப அறிகுறிகள் இருப்பதாகத் தெரிவித்தோர் 2010இல் 16 விழுக்காட்டினர். 2018இல் 29 விழுக்காட்டினர். ஏறத்தாழ 60,000 மாணவர்கள் விடையளித்த 2022ஆம் ஆண்டு ஆய்வில் 35 விழுக்காட்டினர். மூவரில் ஒருவர்! பனிச்சறுக்குப் பலகையுடன் பிறந்தவர்கள் என்று நாம் வேடிக்கையாகச் சொல்லும் நோர்வேஜியர்களின் பிள்ளைகளும் இக்கணக்கினுள்தான் அடங்குகின்றனர். தாய்மொழியிலேயே கற்கின்ற, பெற்றோரின் கடன்சுமையையும் போர்நினைவையும் தோளில் சுமக்காத பிள்ளைகளுக்கே இந்நிலை என்றால், எம்முடையவர்கள் மட்டும் இரும்பால் வார்க்கப்பட்டவர்களா?

'நாங்கள் செல்லடிக்குள் படித்தவர்கள். பதுங்குகுழியில் விளக்கு வைத்துப் படித்துப் பரீட்சை எழுதினோம். எங்களுக்கு எந்த ஆலோசகர் இருந்தார்?' இந்தக் கேள்வியைத் தமிழர் கூடும் மண்டபங்களில் கேளாதவர் இருக்க முடியாது. கேட்போரின் துயரை நாம் மதிக்கின்றோம். ஆனால், அவர்கள் கூறுவது வரலாற்றுக்குப் புறம்பானது. போர் உச்சத்தில் இருந்த 1987ஆம் ஆண்டிலேயே யாழ்ப்பாணத்தில் 'சாந்திகம்' என்னும் உளவளத்துணை நிறுவனம் தொடங்கப்பட்டது. உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் அவர்கள் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கற்பித்துக்கொண்டும், மருத்துவமனையில் நோயாளரைப் பார்த்துக்கொண்டும், போர் எம் உள்ளங்களை எவ்வாறு சிதைத்தது என்பதை எழுதி வைத்தார். அவருடைய நூல் 1998இல் வெளிவந்து உலக நாடுகளின் உளமருத்துவர்களால் படிக்கப்பட்டது. 'உளவளத்துணை' என்ற அழகிய சொல்லே ஈழத்தமிழர் புழக்கத்தில் வேரூன்றிய சொல்லன்றோ! குண்டுமழைக்கு நடுவே எம்மவர் கட்டியெழுப்பிய ஒன்றை, குளிரூட்டப்பட்ட கடைத்தொகுதிக்கு எதிரே வாழும் நாம் வெள்ளைக்காரனின் சொகுசு என்று ஏளனம் செய்வது எவ்வகையில் நியாயம்?

இன்னொன்றையும் நினைவூட்ட வேண்டும். எண்பதுகளில் நோர்வேயின் மக்கள் உயர்கல்லூரிகளுக்கு மாணவராக வந்து இறங்கியவர்கள் எம்மிடையே இன்றும் இருக்கின்றனர். வடக்கே பின்மார்க்கின் மீன் தொழிற்சாலைகளில், இரண்டு மாதம் கதிரவனே எழாத குளிர்காலத்தில், வாரக்கணக்கில் தமிழில் ஒரு சொல் பேச ஆளின்றி இருந்ததை அவர்களே கதைகதையாகச் சொல்வர். சிரித்துக்கொண்டேதான் சொல்வர். அந்நாட்களில் எவரேனும் அருகில் அமர்ந்து 'உமக்கு என்ன செய்கின்றது?' என்று கேட்டிருந்தால் வேண்டாமென்றா தள்ளியிருப்பீர்கள்?

அவ்வாறு கேட்பதற்கெனவே இன்று ஆட்கள் இருக்கின்றனர். 1939இல் நிறுவப்பட்ட, மாணவர் 'சியோ' என்று அழைக்கும் மாணவர் நலன்புரி அமைப்பு, உணவகமும் விடுதியும் மட்டும் நடத்தவில்லை. ஆலோசகர்களையும் உளவியலாளர்களையும் மருத்துவர்களையும் வைத்திருக்கின்றது. அரையாண்டுக் கட்டணம் செலுத்தும் ஒவ்வொரு மாணவருக்கும் அக்கதவு திறந்திருக்கின்றது. பரீட்சைப் பயம், தூக்கமின்மை, தனிமை, படிப்பை மாற்ற விரும்பியும் வீட்டில் சொல்ல முடியாமை என எதனையும் அங்கே பேசலாம். பைத்தியம் பிடித்தால்தான் போக வேண்டும் என்பது எம்மவர் தாமாகவே எழுதிக்கொண்ட விதி.

இங்குதான் பெற்றோர் சிலர் சினங்கொள்கின்றனர். 'என் பிள்ளையைப் பற்றி என்னிடமே மறைக்கின்றார்கள்' என்கின்றனர். ஆம், மறைக்கின்றார்கள். நோர்வேச் சட்டம் அவ்வாறே பணிக்கின்றது. மருத்துவ விடயங்களில் 16 வயதிலேயே பிள்ளைக்குத் தன்னுரிமை வந்துவிடுகின்றது. 2001 முதல் நடைமுறையிலுள்ள மருத்துவப் பணியாளர் சட்டம், நோயாளர் கூறியதை வெளியே சொல்லக்கூடாது என்று கட்டளையிடுகின்றது. உயிராபத்து போன்ற மிகச்சில நிலைகளே விதிவிலக்கு. சற்று நிதானமாக எண்ணிப் பாருங்கள். ஹொல்ம்லியாவில் ஒரு வீட்டில் கறிக்குத் தாளித்தால் மறுநாள் மோட்டன்ஸ்ரூட்டில் மணக்கும். அத்தகைய சிறு சமூகத்தில் வாழும் பிள்ளை, தன் சொல் நான்கு சுவருக்குள் நிற்கும் என்ற உறுதி இல்லாவிடின் வாய்திறக்குமா? உங்களிடமிருந்து பிள்ளையைப் பிரிப்பதற்காக எழுந்த சுவர் அன்று அது. நம்பிக்கையுடன் அழுவதற்கு அது ஓர் இடம் கொடுக்கின்றது.

இதனாலேயே, 'பல்கலைக்கழகத்தில் தமிழ் ஆலோசகர் வேண்டும்' என்ற கோரிக்கையை நாம் முழுமனதோடு ஆதரித்தாலும், அதனுடன் ஒரு வரியைச் சேர்க்க விரும்புகின்றோம்: மாணவர் விரும்பினால் மட்டும். பெயரைப் பார்த்துத் தமிழரைத் தமிழரிடம் அனுப்பிவைப்பது உதவியாகாது. அந்த ஆலோசகர் அம்மாவின் சித்தி மகளுக்குத் தெரிந்தவராக இருந்துவிட்டால் அந்தப் பிள்ளை மீண்டும் அப்பக்கம் தலைவைத்தும் படுக்காது.

குற்றம் எம்மவர் பக்கம் மட்டும் இருப்பதாக எவரும் கருதவேண்டாம். உதவி நாடிச்சென்ற மாணவர் சிலர், 'உமக்குப் பதினெட்டு வயது கடந்துவிட்டதே, தனியாக வீடெடுத்துப் போகலாமே' என்ற ஒற்றை அறிவுரையுடன் திருப்பியனுப்பப்பட்டதாகக் கூறக் கேட்டிருக்கின்றோம். எந்த அலுவலகம் என்பது இங்கு முக்கியமன்று. அந்த அறிவுரைக்குப் பின்னாலுள்ள அறியாமையே முக்கியமானது. அந்தப் பிள்ளை ஏழு வயதிலிருந்து அவ்வீட்டின் வாயாக இருந்திருக்கின்றது. வங்கிக் கடிதத்தை வாசித்தது அதுவே. வரி அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசியது அதுவே. தாயின் நோயைக் குடும்ப மருத்துவரிடம் மொழிபெயர்த்துச் சொன்னதும், மருத்துவர் சொன்ன கொடிய செய்தியைத் தாயிடம் தமிழில் சொன்னதும் அதுவே. பிள்ளைகளை உரைபெயர்ப்பாளராக்குவதை 2022 சனவரியில் நடைமுறைக்கு வந்த உரைபெயர்ப்புச் சட்டம் பொதுவாகத் தடைசெய்திருக்கின்றது. நல்லது. ஆனால், அதற்கு முன்பே அச்சுமையைத் தூக்கி வளர்ந்துவிட்ட ஒரு தலைமுறை இன்று பல்கலைக்கழக வகுப்புகளிலும் பணியிடங்களிலும் இருக்கின்றது. அடுத்தவரின் துன்பத்தைப் பிழையின்றி இரு மொழிகளில் சொல்லப் பழகிய அப்பிள்ளைகளுக்குத் தம் துன்பத்தைச் சொல்ல ஒரு மொழியிலும் வரவில்லை. அவர்களிடம் 'வீட்டை விட்டுப் போ' என்பது, வீட்டின் வாயைப் பிடுங்கிக்கொண்டு போ என்பதற்கு ஒப்பானது. இதனைப் புரிந்துகொள்ளுமாறு ஆலோசகர்களுக்குப் பயிற்சி அளிக்குமாறு கேட்பது சலுகை கேட்பதாகாது. எம் பிள்ளைகளும் அதே அரையாண்டுக் கட்டணத்தைத்தான் கட்டுகின்றனர்.

பணம் பற்றிய பயமும் பிள்ளைகளின் வாயைக் கட்டுகின்றது. பரீட்சையில் தவறினால் 1947 முதல் இயங்கிவரும் அரச கல்விக்கடன் நிதியமான லோனகாசனின் கடன் உதவித்தொகையாக மாறாது, வீட்டுக்கு முழுக்கடனும் வந்துவிழும் என்று அஞ்சிப் பலர் நோயை மறைத்துக்கொண்டு அரையாண்டுகளை இழுக்கின்றனர். நோயினால் கற்க இயலாத காலத்துக்குரிய கடனை உதவித்தொகையாக மாற்றுமாறு அந்நிதியத்திடமே விண்ணப்பிக்கலாம்; உளநோயும் நோயே. ஆனால், மருத்துவச் சான்று வேண்டும். நோயுற்ற வேளையிலேயே மருத்துவரைக் கண்டிருக்கவும் வேண்டும். ஓராண்டு ஒளித்துவைத்துவிட்டுப் பின்னர் ஓடினால் தாளில் எதுவும் இராது. பல்கலைக்கழகத்தில் நோய்க்காக விடுப்புக் கேட்கவும், பரீட்சைக்குக் கூடுதல் நேரம் போன்ற ஒழுங்குகளைக் கேட்கவும் வழியுண்டு. தாயகத்துக் காணி உறுதியின் ஒவ்வொரு வரியையும் மனப்பாடமாக அறிந்த எமது தந்தையர், இவ்விதிகளில் ஒன்றையேனும் வாசித்ததுண்டா?

மருத்துவப் படிப்புக்காகப் போலந்துக்கும் ஹங்கேரிக்கும் அனுப்பப்படும் பிள்ளைகளின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. அங்கே சியோவும் இல்லை, குடும்ப மருத்துவரும் அருகில் இல்லை. வெளிநாட்டில் கற்கும் நோர்வே மாணவரின் சங்கமான 'அன்சா' சமூக ஆலோசகரை வைத்திருக்கின்றது என்பதையாவது விமான நிலையத்தில் பிள்ளையை வழியனுப்பும்போது சொல்லி அனுப்புங்கள். ஊறுகாய்ப் போத்தலை மறக்காத கைகள் இதனையும் மறவாதிருக்கட்டும்.

எமது அமைப்புகளையும் கேட்கவேண்டியுள்ளது. ஆண்டுவிழாக்களில் பல்கலைக்கழகம் புகுந்தோரை மேடையேற்றி மாலை சூட்டுகின்றீர்கள். படிப்பை இடையில் நிறுத்தியவரை எங்கே வைத்தீர்கள்? அவருடைய பெற்றோர் அதே மண்டபத்தின் பின்வரிசையில், எவரும் எதுவும் கேட்டுவிடக்கூடாதே என்று உணவு நேரத்துக்கு முன்பே எழுந்துபோவதைக் கண்டதில்லையா? இளையவரொருவர் மறைந்தால் துயர்பகிர்வில் 'அகால மரணம்' என்று போடுகின்றோம். காரணத்தை வெளியிடாமலிருப்பது அக்குடும்பத்தின் உரிமை. அதில் தலையிட எவருக்கும் உரிமையில்லை. ஆனால், அதே மாலை வாகனத் தரிப்பிடத்தில் நின்று குசுகுசுத்து, அக்குடும்பத்தின் வளர்ப்பையும் தங்கையின் திருமணத்தையும் அளந்து பார்க்கின்றோமே, அந்த உரிமையை எமக்கு வழங்கியவர் யார்?

ஹொல்ம்லியா மண்ணுக்கு இது தெரியாத பாடமன்று. 2001 சனவரி 26ஆம் நாள், பதினைந்தே வயதான பெஞ்சமின் ஹெர்மான்சன் இங்கே நிறவெறியரால் குத்திக் கொல்லப்பட்டபோது, ஒஸ்லோவில் பல்லாயிரக்கணக்கானோர் தீப்பந்தம் ஏந்தி நடந்தனர். 2011 யூலை 22இல் 77 உயிர்கள் பறிக்கப்பட்ட பின்னர், பாதிக்கப்பட்டோர் தாமாக வந்து கேட்கட்டும் என்று காத்திராமல், நகரசபைகள் தொடர்பாளர்களை நியமித்து அக்குடும்பங்களைத் தேடிச் சென்றன. ஆற்றாமையுற்றவரால் கதவைத் தட்ட இயலாது என்பதை அந்நாடு அன்று ஏற்றுக்கொண்டது. 2009 மே மாதத்தில் எம் பிள்ளைகள் உறவுகள் அழிவதைக் கணினித்திரையில் பார்த்துக்கொண்டு, ஒஸ்லோ வீதிகளில் பதாகையுடன் நின்றுவிட்டு, மறுநாள் காலை பள்ளிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் சென்றனர். அவர்களைத் தேடி யார் சென்றார்கள்? நோர்வே அரசைக் கேட்பதற்கு முன் இக்கேள்வியை எம்மையே கேட்க வேண்டும்.

இளையோரே, உங்களுக்கு ஒன்று. ஆலோசகரிடம் செல்ல அப்பா அம்மாவின் அனுமதி தேவையில்லை. சென்றதாக அவர்களுக்குக் கடிதமும் வராது. முதலில் சந்தித்தவர் உங்களைப் புரிந்துகொள்ளாவிடின் வேறொருவரைக் கேளுங்கள், அது மரியாதைக் குறைவாகாது. இரவில் மனம் தாங்காதபோது 116 123 என்ற இலக்கத்தில் எந்நேரமும் பேச ஆளுண்டு. உயிருக்கு ஆபத்தென்றால் 113.

தமிழ்ப் பள்ளிகளின் நிர்வாகத்தினருக்கும் பெற்றோர் சங்கங்களுக்கும் எமது கோரிக்கை மிகச் சிறியது. அடுத்த பெற்றோர் கூட்டத்தில் பரிசளிப்பு விழா, மண்டப வாடகை ஆகியவற்றுக்கு முன்பாக இதற்கு அரை மணி நேரம் ஒதுக்குங்கள். மாணவர் ஆலோசகர் ஒருவரையும், தொழில்முறை உரைபெயர்ப்பாளர் ஒருவரையும் அழையுங்கள். அன்று மொழிபெயர்ப்பதற்கு மண்டபத்திலுள்ள எந்தப் பிள்ளையையும் எழுப்பாதீர்கள்.