களம் கண்டவரின் நினைவு

1963இல், 22 வயதில், அமெரிக்க வெளியுறவு அதிகாரி ரிச்சர்ட் ஹோல்புரூக் வியட்நாமின் மீகாங் கழிமுகத்துக்கு அனுப்பப்பட்டார். வேலியிட்ட பாதுகாப்புக் கிராமங்கள் பெருகுவதாக சைகோனுக்குப் போன அறிக்கைகள் பெருமை பேசின. அவற்றில் பல காகிதத்தில் மட்டுமே இருந்தன. 2009இல் ஆப்கானிஸ்தான், பாகிஸ்தானுக்கான சிறப்புப் பிரதிநிதியானதும் அவர் வியட்நாமை நினைவூட்டியதை வெள்ளை மாளிகை விரும்பவில்லை. வெள்ளை மாளிகையின் அந்த விருப்பமின்மை பெரும் பிழை என்பேன்.

வியட்நாம் போரும் ஆப்கன் போரும் ஒன்றல்ல என்பார்கள். உண்மைதான், ஆப்கன் போருக்குக் காரணமான 2001 தாக்குதல் அமெரிக்க மண்ணிலேயே நடந்தது. ஆனால் அந்த நினைவின் மதிப்பு எதிரிகளை ஒப்பிடுவதில் இல்லை. மேலிடம் கேட்க விரும்பும் எண்ணிக்கையையே கீழிருந்து அனுப்பும் பழக்கத்தை அது அடையாளம் காட்டுகிறது. ஆப்கன் படைப் பட்டியலில் பெயர் மட்டும் இருந்த, உண்மையில் இல்லாத சிப்பாய்களின் பெயரில் சம்பளம் போனதை அமெரிக்கத் தணிக்கையாளர்களே பின்னர் பதிவுசெய்தார்கள். 2021 ஆகஸ்டில் அந்தப் படை சில நாட்களில் கலைந்துபோனது.