நாற்றத்தை மறைக்காதீர்கள்!

வீட்டுக்குள் சாக்கடை நாற்றம் அடிக்கிறது. உடனே என்ன செய்கிறோம்? ஊதுபத்தி ஏற்றுகிறோம். சாம்பிராணி போடுகிறோம். பினாயில் ஊற்றுகிறோம். நாற்றம் சற்று அடங்குகிறது. பிறகு மறுபடியும் கிளம்புகிறது.

நாற்றம் ஓர் எச்சரிக்கை. "கெட்ட காற்று உள்ளே வர எங்கோ வழி இருக்கிறது" என்று அது சொல்கிறது. அந்த வழியைக் கண்டுபிடித்து அடைப்பதுதான் முறை.

காவல் நிற்கும் தண்ணீர்

குளியல் அறைத் தண்ணீர் நேரே சாக்கடைக்குப் போவது இல்லை. நடுவே ஒரு வளைவு உண்டு. அதில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் தேங்கி நிற்கும். அழுக்கு நீர் வெளியே போகும். ஆனால், சாக்கடைக் காற்று உள்ளே வர முடியாது. தேங்கிய தண்ணீர் அதைத் தடுத்துவிடும்.

கழிப்பறைக்கு இத்தகைய வளைவு அமைத்து, 1775-ம் ஆண்டில் காப்புரிமை பெற்றவர் அலெக்சாண்டர் கம்மிங். அவர் லண்டனில் கடிகாரம் செய்து வந்தவர்!

புழங்காத அறையில் இந்தத் தண்ணீர் வற்றிவிடும். கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போய்த் திரும்பினால் வீடு நாறுவது இதனால்தான். எல்லாத் துவாரங்களிலும் ஒரு வாளி தண்ணீர் ஊற்றுங்கள். பல வீடுகளில் நாற்றம் அதோடு நின்றுவிடும். செலவு ஒரு காசு இல்லை.

எப்படித் தேடுவது?

தண்ணீர் ஊற்றியும் நாறுகிறதா? எல்லா அறைகளையும் ஒரு மணி நேரம் மூடி வையுங்கள். வெளியே சென்று நல்ல காற்றைச் சுவாசித்துவிட்டு வாருங்கள். பிறகு ஒவ்வொரு கதவாகத் திறந்து பாருங்கள். எந்த அறை அதிகம் நாறுகிறதோ, அங்கேதான் கோளாறு.

கழிப்பறைப் பீங்கான் தரையோடு சேரும் இடத்தில் விரிசல் இருக்கலாம். சலவை எந்திரத்தின் குழாயைச் சொருகிய துவாரத்தில் இடைவெளி இருக்கலாம். கழிப்பறையில் தண்ணீர் விடும்போது, பக்கத்துத் துவாரத்தில் 'களக், களக்' என்று சத்தம் கேட்கிறதா? மொட்டை மாடிக்குப் போகும் காற்றுக் குழாய் அடைத்திருக்கலாம். குப்பையோ, பறவைக் கூடோ அதை அடைத்துவிடும்.

வீடு கட்டும்போது தரை பளபளப்பாக இருக்கிறதா என்று பார்க்கிறோம். வளைவும் காற்றுக் குழாயும் சரியாக வைத்தார்களா என்று கேட்பது இல்லை. அதையும் கேட்க வேண்டும்.

உயிர் விஷயம்

சாக்கடையில் உண்டாகும் ஹைட்ரஜன் சல்பைடு என்ற வாயு, அழுகிய முட்டை போல நாறும். அது மிகுதியானால் மூக்கு மரத்துப்போகும். நாற்றமே தெரியாது. ஆனால், உயிரைக் குடித்துவிடும். மீத்தேன் என்ற வாயுவோ தீப்பற்றும். கழிவுநீர்த் தொட்டி அருகே தீக்குச்சி கிழிக்கக் கூடாது.

தொட்டி நிறைந்ததுதான் நாற்றத்துக்குக் காரணம் என்று தெரிந்தால், உறிஞ்சும் எந்திரம் உள்ள லாரியைக் கூப்பிடுங்கள். கூலி குறைவு என்று ஆளை உள்ளே இறக்காதீர்கள். பாதுகாப்பு இல்லாமல் ஆளை இறக்குவதை 2013-ம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் அது பாவம். நம் வீட்டு நாற்றம் போக, இன்னொரு வீட்டின் விளக்கு அணையலாமா?

இனி நாற்றம் வந்தால் ஊதுபத்தியைத் தேடாதீர்கள். முதலில் ஒரு வாளி தண்ணீரை எடுங்கள். பிறகு காரணத்தைத் தேடுங்கள்.