கதவு திறக்காதது யார் குற்றம்?

புதுக்கோட்டையில் ஒரு கல்லூரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அங்கே மாணவர்களின் கணக்குகளைக் காத்து வைக்க ஒரு சர்வர் இருந்தது. சர்வர் என்றால், பல பேர் சேர்ந்து பயன்படுத்தும் பெரிய கம்ப்யூட்டர். அது பழையதாகிவிட்டது. புதிய சர்வர் வந்தது. 300 பேருடைய கணக்குகளை ஒரே இரவில் இடம் மாற்றினார்கள்.

காலையில் ஒரு மாணவி வந்தாள். பெயரைத் தட்டினாள். கடவுச்சொல்லைத் தட்டினாள்.

"அனுமதி இல்லை!"

மறுபடியும் தட்டினாள். மறுபடியும் அதே பதில்!

"கடவுச்சொல்லை மறந்துவிட்டாயா? நன்றாக யோசித்துப் பார்!" என்று அவளைத்தான் கடிந்துகொண்டார்கள்.

அவள் மறக்கவே இல்லை. அவள் தட்டிய சொல் சரியான சொல்தான்!

ஏழாவது கட்டம்

பிறகு என்ன கோளாறு?

லினக்ஸ் சர்வரில் ஒரு பேரேடு உண்டு. ஆளுக்கு ஒரு வரி. வரிக்கு ஏழு கட்டம். முதல் கட்டத்தில் பெயர் இருக்கும். ஏழாவது கட்டத்தில் 'ஷெல்' இருக்கும் இடத்தின் முகவரி இருக்கும்.

ஷெல் என்பது, உள்ளே வருகிறவரின் கட்டளையைக் கேட்டு வேலையை நடத்தித் தரும் புரோகிராம். 1989-ல் வெளிவந்த 'பாஷ்' அவற்றில் பேர் பெற்றது.

பிரீ பி.எஸ்.டி. என்ற வகைச் சர்வரில் பாஷ் ஓர் இடத்தில் இருக்கும். லினக்ஸ் சர்வரில் வேறோர் இடத்தில் இருக்கும். பழைய முகவரியை அப்படியே பெயர்த்து எழுதிவிட்டால் என்ன ஆகும்? புதிய சர்வர் அந்த முகவரிக்குப் போய்த் தேடும். அங்கே ஷெல் இராது. உடனே கதவை மூடிவிடும்!

தூரத்திலிருந்து நுழையும்போது இன்னொரு வேடிக்கையும் நடக்கிறது. "ஷெல் இல்லை" என்ற உண்மையைச் சர்வர் தன் குறிப்பேட்டில் எழுதி வைத்துக்கொள்கிறது. வாசலில் நிற்பவரிடமோ, "அனுமதி இல்லை" என்று மட்டுமே சொல்கிறது!

யார் பொறுப்பு?

இடம் மாற்றியவர்தான் பொறுப்பு. இது நம் கருத்து.

அவர் முதலில் ஒரே ஒரு கணக்கை மாற்றிச் சோதிக்க வேண்டும். ஏழாவது கட்டத்தில் உள்ள ஒவ்வொரு முகவரியும் புதிய சர்வரில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் திருத்த வேண்டும். திருத்தி முடியும்வரை, தாம் நுழைந்த கதவைத் தாமே மூடிக்கொள்ளக் கூடாது. மூடினால் அவரும் வெளியேதான் நிற்பார்!

யாராவது "நுழைய முடியவில்லை" என்று சொன்னால், முதலில் குறிப்பேட்டைப் புரட்ட வேண்டும். ஆளைக் குறை சொல்வது பிறகு.

1991-ல் அறிவொளி இயக்கம் புதுக்கோட்டையில் பரவியது. ஆயிரக்கணக்கான பெண்கள் எழுத்துக் கற்றார்கள். சைக்கிள் விடவும் கற்றார்கள். "உனக்குத் தெரியாது" என்ற பேச்சைப் பொய்யாக்கிக் காட்டிய மண் இது.

அந்த மண்ணில் பிறந்த பெண்ணிடம், பேரேட்டைப் பார்க்காமலே "உனக்குத் தெரியாது" என்று சொல்லலாமா?