மாலை ஐந்திலிருந்து ஏழு வரை

நாலரை மணிக்கெல்லாம் குழம்பு கொதித்து இறங்கியிருக்கும். மாவு மதியமே அரைத்தாயிற்று. ஐந்து மணிக்கு எங்கள் எதிர்வீட்டுப் பெண் வாசலைப் பெருக்கி இரண்டு கோரைப்பாய்களை விரிப்பார். ரேஷன் கடைக்குக் கொண்டுபோகும் கட்டைப்பையிலிருந்து எழுத்தட்டைகளும் சாக்பீஸும் வெளியே வரும். ஐந்தே காலுக்குள் பதினைந்து, பதினாறு பிள்ளைகள் சேர்ந்துவிடுவார்கள். அவருடைய மூன்றாம் வகுப்பு மகளும் அதில் ஒருத்தி. இரண்டு வயது மகன் மாமியார் இடுப்பில் இருப்பான். அழுதால் பாய்க்கே வந்துவிடுவான், ஒரு எழுத்தட்டையைக் கையில் கொடுத்தால் அடங்கிவிடுவான். ஏழு மணிக்குப் பாய் சுருட்டப்படும், ஏழேகாலுக்குத் தோசைக்கல் அடுப்பில் ஏறும்.

2022இல் மாதக்கணக்கில் நான் பார்த்த காட்சி இது. அவர் பிளஸ் டூ முடித்தவர், தமிழக அரசின் ‘இல்லம் தேடிக் கல்வி’ என்ற மாலை வகுப்புத் திட்டத்தின் தன்னார்வலர். அதற்கு முன்பே ஒரு தொண்டு அமைப்பில் சேரப் போயிருக்கிறார். சனி, ஞாயிறு முழுநாளும் வர வேண்டும், பயிற்சி வெளியூரில் மூன்று நாள் என்றார்கள். ஒன்றும் சொல்லாமல் திரும்பி வந்துவிட்டார். அவர்கள் குறிப்பேட்டில் இவர் பெயருக்கு எதிரே ‘ஆர்வம் இல்லை’ என்றுதான் பதிவாகியிருக்கும். அதே பெண்தான் தன் வீட்டு வாசலில், தன் சமையல் நேரத்துக்குள் அடங்கிய ஒரு பொறுப்பு கிடைத்ததும் ஒரு நாள்கூடத் தவறாமல் பாயை விரித்தார்.

குடும்பஸ்தர்கள் தொண்டுக்கு வருவதில்லை என்று புலம்புகிறவர்கள் இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும். மனம் இல்லாதவர்கள் குறைவு. குடும்பத்துக்குள் அடங்கும்படி வகுக்கப்பட்ட வேலைதான் இங்கே அரிதாக இருக்கிறது.

நேரம் எங்கே போகிறது என்பதற்குக் கணக்கே உண்டு. 2019இல் மத்திய அரசு நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், ஊதியமில்லாத வீட்டுவேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிடுவது தெரிந்தது. அதாவது ஏறத்தாழ ஐந்து மணி நேரம். ஆண்களில் 100க்கு 26 பேர்தான் வீட்டுவேலையில் கைவைத்தார்கள், அவர்களும் 97 நிமிடத்தில் முடித்துக்கொண்டார்கள். பிள்ளைகளையும் முதியவர்களையும் கவனிக்கும் நேரம் இதில் சேரவில்லை. இப்படிப்பட்ட ஒரு பெண்ணுக்கு மிஞ்சுவது அங்கொரு அரைமணி, இங்கொரு முக்கால் மணி என்ற துண்டு நேரம்தான். அந்தத் துண்டுகளுக்குப் பொருந்தாத எந்தத் தொண்டும் அவருக்கு எட்டாது.

இல்லம் தேடிக் கல்வி அந்தத் துண்டு நேரத்தை மதித்தது. கொரோனாவால் ஒன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை பள்ளிகள் ஏறக்குறைய 20 மாதம் மூடிக்கிடந்தன. 2021 அக்டோபர் 27 அன்று விழுப்புரம் மாவட்டம் மரக்காணம் ஒன்றியத்தில் அன்றைய முதல்வர் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். ஐந்து முதல் ஏழு மணிக்குள் ஒன்றரை மணி நேரம், ஒருவருக்குச் சுமார் 20 பிள்ளைகள், அதுவும் சொந்தக் குடியிருப்பிலேயே. தொடக்க வகுப்புகளுக்குப் பிளஸ் டூ தேர்ச்சி போதுமானதாக இருந்தது. ஏறத்தாழ 2 லட்சம் தன்னார்வலர்கள் சேர்ந்தார்கள், மிகப் பெரும்பாலோர் பெண்கள். கார்த்திக் முரளிதரன், அபிஜித் சிங், மௌரிசியோ ரொமேரோ ஆகிய பொருளியலாளர்கள் தமிழகக் கிராமங்களில் சுமார் 19,000 குழந்தைகளைச் சோதித்துப் பார்த்தார்கள். விட்டுப்போன படிப்பில் மூன்றில் இரண்டு பங்கு, பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள் மீண்டிருந்தது. அந்த மீட்சியில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு இந்த மாலை வகுப்புகளால் வந்தது என்பது அவர்கள் கணிப்பு. சமையலுக்கு நடுவே கிடைத்த ஒன்றரை மணி நேரம் செய்த வேலை அது.

கேரளத்தில் நடந்தது இதைவிடக் கடினமான காரியம். 1993இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் மருத்துவர்கள் எம்.ஆர். ராஜகோபாலும் சுரேஷ் குமாரும் வலி நிவாரண, ஆதரவுச் சிகிச்சைக்கென ஒரு சங்கத்தைத் தொடங்கினார்கள். புற்றுநோய் முற்றியவர்கள், பக்கவாதத்தில் படுத்துவிட்டவர்கள், தண்டுவடம் முறிந்தவர்கள் ஆகியோருக்கு அது பெரும் ஆறுதல். ஆனால் எழுந்து உட்காரவே முடியாதவர் மருத்துவமனைக்கு எப்படி வருவார்? சிகிச்சைதான் அவர் வீட்டுக்குப் போக வேண்டும். அத்தனை வீடுகளுக்கும் போக மருத்துவர்களோ செவிலியர்களோ போதாது. 2000ஆம் ஆண்டையொட்டி மலப்புறம் பகுதியில் அக்கம்பக்கத்தாரையே கொண்டு ஒரு வலைப்பின்னல் உருவானது. அதில் தன்னார்வலராகச் சேர வைத்த நிபந்தனை எனக்கு மிகவும் பிடித்தது: வாரத்துக்குக் குறைந்தது இரண்டு மணி நேரம் ஒதுக்க முடிய வேண்டும். 16 மணி நேர வகுப்பும் நான்கு நாள் நேரடிப் பழக்கமும் பயிற்சி.

வாரத்துக்கு இரண்டு மணி நேரம் என்று கேட்டால் ஒரு தாய், ஒரு கடைக்காரர், ஒரு பள்ளி ஆசிரியர் என யாரும் யோசித்துப் பார்த்துவிட்டுச் சரி என்று சொல்ல முடியும். புண்ணுக்கு மருந்து கட்டுவதும் குழாய் மாற்றுவதும் பயிற்சி பெற்ற செவிலியர் வேலை. அந்த வீட்டில் அரிசி இருக்கிறதா, பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்களா, இரவெல்லாம் விழித்துப் பார்த்துக்கொள்ளும் மனைவி கொஞ்சமாவது தூங்குகிறாரா என்று விசாரிப்பது பக்கத்து வீட்டுக்காரர் வேலை. இந்தப் பிரிவினைதான் இதன் பலம். எவரும் தன் சக்திக்கு மீறிச் சுமப்பதில்லை. ஒருவர் வீட்டில் கல்யாணம், காய்ச்சல் என்றால் இன்னொருவர் போய்வருவார். 2008இல் கேரள அரசு இதற்கென்று ஒரு கொள்கையையே வகுத்தது. உள்ளாட்சிகள் வழியாக வீடு தேடிப் போகும் சிகிச்சை ஊர்தோறும் பரவியது.

நமக்கும் இதில் முன்னனுபவம் உண்டு. 1991இல் புதுக்கோட்டையில் தொடங்கிய அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தில் படிக்க வந்தவர்களில் பலர் வயலிலும் கல்குவாரியிலும் கூலி வேலை பார்த்த பெண்கள். வேலை முடிந்து, அடுப்பணைத்து அவர்கள் வரும் இரவு நேரமே வகுப்பு நேரம் ஆயிற்று. அன்றைய ஆட்சியர் ஷீலாராணி சுங்கத் ஊக்கத்தில் ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். பலரும் அதைப் பெண் விடுதலையின் படமாகவே நினைவில் வைத்திருக்கிறார்கள். அது சரிதான். அதோடு அந்த சைக்கிள் நேரத்தையும் மிச்சப்படுத்தியது. அண்ணனோ கணவனோ கொண்டுவிடும்வரை காத்திருக்க வேண்டியதில்லை, கற்பிக்கும் பெண்ணும் போய்ப் பாடம் சொல்லிவிட்டுப் பால் காய்ச்சும் நேரத்துக்குள் திரும்பிவிடலாம்.

வீட்டைவிட்டு நகரவே முடியாதவர்களுக்கும் வழி இருக்கிறது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் அதற்குச் சான்று. பழந்தமிழ் நூல்களைப் பல நாடுகளில் இருந்த தமிழர்கள் வீட்டிலிருந்தபடியே தட்டச்சு செய்தும் பிழை திருத்தியும் இணையத்தில் ஏற்றினார்கள். பிள்ளை தூங்கியபின் பத்துப் பக்கம் பார்த்தால்கூட அது கணக்கில் சேரும் வேலை.

ஒரு கவலையையும் சொல்லியாக வேண்டும். துண்டு நேரத் தொண்டு என்ற பெயரில் முழுநேர உழைப்பை வாங்கிக்கொள்ளும் வழக்கமும் நம்மிடம் இருக்கிறது. கிராமந்தோறும் கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் பார்த்துக்கொள்ளும் ஆஷா பணியாளர்களை அரசு ஏடுகள் இன்னும் ‘தன்னார்வலர்’ என்றே குறிக்கின்றன. இல்லம் தேடிக் கல்வியில் கொடுத்த மாதம் 1,000 ரூபாயும் ஊக்கத்தொகைதான், ஊதியம் அல்ல. ஒன்றரை மணி நேரம் மூன்றாகி, அதன்மேல் பதிவேடும் செயலியும் கூட்டமும் சேர்ந்தால் அது தொண்டாக இராது, அதற்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். குறித்த நேரத்தில் முடியாத தொண்டு, குடும்பத்தின் நேரத்தைத்தான் எடுத்துக்கொள்ளும்.

குடும்பமும் தன் பங்குக்கு ஒன்று செய்ய வேண்டும். எதிர்வீட்டில் மாமியார் பேரனை இடுப்பில் வாங்கிக்கொள்ளாவிட்டால் அந்தப் பாய் விரிந்தே இருக்காது. மாலையில் வீடு திரும்பும் கணவர்கள் அந்த ஒன்றரை மணி நேரம் பிள்ளையைப் பார்த்துக்கொண்டு காபியும் தாங்களே போட்டுக்கொண்டால், தெருவுக்கு ஒரு ஆசிரியர் கிடைப்பார். பெண்ணுக்கு நேரம் ஒதுக்கிக் கொடுக்கும் அந்த ஆணும் தொண்டில் பங்காளிதான்.

‘தன்னார்வலர்கள் தேவை’ என்று அறிவிப்பு எழுதும் அமைப்புகளுக்கு ஒரு வேண்டுகோள். என்ன வேலை என்பதோடு நிறுத்தாதீர்கள். எந்தக் கிழமை, எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடியும், வீட்டிலிருந்து எவ்வளவு தூரம், ஒரு நாள் வர முடியாவிட்டால் யார் பார்த்துக்கொள்வார்கள் என்பதையும் எழுதுங்கள். குழந்தையை உடன் அழைத்து வரலாம் என்ற ஒரு வரியையும் மறக்காமல் சேருங்கள்.