எலும்பு ஊசியை நடுவில் நிறுத்தினால் என்ன ஆகும்?

“இப்போ வலி ஒண்ணும் இல்லையே, அப்புறம் எதுக்கு இந்த ஊசி?” எலும்புப்புரைக்காக ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஊசி போட்டுக்கொள்பவருக்கு இந்தக் கேள்வி எழுவது இயல்புதான். ஆனால், டெனோசுமாப் என்ற அந்த ஊசியை டாக்டரிடம் கேட்காமல் நிறுத்துவது ஆபத்து. ஏன் என்று புரிய, எலும்பை அரிக்கும் செல்களைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும்.

எலும்பு பார்க்கத்தான் கல் மாதிரி. உண்மையில் அது ஓயாமல் புதுப்பிக்கப்படுகிறது. பெரியவர்களின் எலும்புக்கூட்டில் ஏறக்குறைய 10 சதவீதம் ஆண்டுதோறும் மாறுகிறது. பழைய எலும்பைச் சுரண்டி எடுப்பவை ஆஸ்டியோகிளாஸ்ட் செல்கள். அந்தப் பள்ளத்தைப் புது எலும்பால் நிரப்புபவை ஆஸ்டியோபிளாஸ்ட் செல்கள். ரத்த வெள்ளையணு வகையைச் சேர்ந்த பல செல்கள் ஒன்றாக இணைந்துதான் ஒரு ஆஸ்டியோகிளாஸ்ட் உருவாகிறது. அது எலும்பின் மேல் ஒட்டிக்கொண்டு, அமிலத்தைச் சுரந்து கால்சியத்தைக் கரைக்கும். பிறகு நொதிகளால் புரத நாரை அறுக்கும்.

அப்படியானால் இது எதிரியா? இல்லவே இல்லை. உதிரும் பழைய காரையைச் சுரண்டாமல் அதன்மேல் புதுப் பூச்சு பூசினால் சுவர் நிற்குமா? ஆஸ்டியோகிளாஸ்ட் வேலை செய்யாத ஒரு பரம்பரை நோய் உண்டு. அதில் எலும்பு அடர்த்தியாகிக்கொண்டே போகும். ஆனாலும் எளிதில் உடையும். பிரச்சினை, சுரண்டும் வேகம் நிரப்பும் வேகத்தை மிஞ்சும்போதுதான். மாதவிடாய் நின்ற பின் ஈஸ்ட்ரோஜன் குறைவதால் பெண்களுக்கு நடப்பது இதுதான்.

இதற்கு இரண்டு வகை மருந்துகள் அதிகம் பயன்படுகின்றன. அலெண்ட்ரோனேட், சோலெட்ரோனிக் அமிலம் போன்றவை எலும்பிலேயே படிந்துவிடும். நிறுத்திய பிறகும் நீண்ட காலம் ஓரளவு பலன் தரும். அமெரிக்காவில் 2010-இல் அனுமதி பெற்ற டெனோசுமாப் வேறு ரகம். ஆஸ்டியோகிளாஸ்ட் உருவாக வேண்டுமென்றால் ‘ராங்க்-எல்’ என்ற புரதத்தின் சமிக்ஞை வேண்டும். அந்தப் புரதத்தை இந்த ஊசி பிடித்து வைத்துக்கொள்கிறது. ஆனால் மருந்து எலும்பில் தங்குவதில்லை. ஆறு மாதம் தாண்டினால் பிடி தளர்ந்துவிடும்.

அப்போது அடக்கி வைத்திருந்த செல்கள் மொத்தமாகக் கிளம்புகின்றன. எலும்பு கரையும் வேகம் சிகிச்சைக்கு முன் இருந்ததைவிடவும் கூடுகிறது. சேர்த்த அடர்த்தி ஓரிரு ஆண்டுகளில் கரைந்துபோகலாம். சிலருக்கு ஒரே நேரத்தில் பல முதுகெலும்புகள் நொறுங்குகின்றன. சிட்னியின் கார்வன் ஆய்வு நிறுவன விஞ்ஞானிகள் 2021-இல் இதற்கு ஒரு விளக்கம் தந்தார்கள். ஆஸ்டியோகிளாஸ்ட் எல்லாமே செத்துப்போவதில்லை. சில, சிறு செல்களாகப் பிரிந்து, மீண்டும் ஒன்றுசேர்கின்றன என்பதை எலிகளில் கண்டார்கள்.

இதற்காக ஊசியைக் கண்டு பயப்பட வேண்டாம். எலும்பு முறிவைத் தடுப்பதில் அது நல்ல மருந்துதான். தேதி தவறாமல் போட்டுக்கொள்வதே முக்கியம். நிறுத்தித்தான் ஆக வேண்டும் என்றால், எலும்பில் படியும் மருந்தை அடுத்துக் கொடுத்துப் பாதுகாப்பதே வழக்கமான மருத்துவ முறை. பல் பிடுங்க வேண்டியிருந்தால், அரிதாகத் தாடை எலும்பு பாதிக்கப்படலாம் என்பதால், பல் மருத்துவரிடம் ஊசியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதற்காக ஊசியைத் தாமாகவே தள்ளிப்போடக் கூடாது.

பொறுப்பு நோயாளியின் தலையில் மட்டும் விழக் கூடாது. முதல் ஊசி போடும் அன்றே, அடுத்த தேதியையும் நிறுத்தினால் என்ன செய்வது என்பதையும் மருந்துச் சீட்டில் தமிழில் எழுதிக் கொடுக்க வேண்டும். எத்தனை ஆண்டுகள் தொடர வேண்டியிருக்கும், செலவு எவ்வளவு ஆகும் என்பதையும் அன்றே பேசிவிட வேண்டும். வெளியேறும் வழியைச் சொல்லாமல் தொடங்கும் சிகிச்சை, பாதிச் சிகிச்சைதான்.